எஞ்சினுக்குப் பாடிய நாலு பேர்

எங்கள் பாட்டுக் குழுவில் டிரம் அடிக்க ஆளில்லை, ஆகையால் அது குழுவே இல்லை என்று சொன்ன ஒருவரோடு நான் பதினைந்து வருடம் கதைக்கவில்லை. அவர் என் சொந்த மைத்துனர். டிரம் அடிக்க ஆள் இருக்கத்தான் செய்தது ஐயா! டீசல் குடிக்கும், புகை விடும், குடாவைக் கடந்து ஆள் ஏற்றுகிற மோட்டார் படகான மூதூர் லோஞ்சின் வயிற்றுக்குள் கிடக்கும். மற்ற டிரம்காரர்களைப் போல முடி வளர்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் ஒழுங்கைக்கு ஒரு பாட்டுக் குழு முளைத்திருந்தது. ஒட்டிப்பிடித்த காற்சட்டை போடாதவனை யாரும் இளைஞனாக மதிக்கவில்லை. அந்தக் காற்சட்டையோடு காலை அகட்டி லோஞ்சில் ஏற முடியாது, நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் ஏற வேண்டும். நாங்கள் மூன்று பேர் தினமும் அப்படி ஏறினோம். நான் மூதூர்த் தபாற்கந்தோரில் கிளாக்கர். மற்றவர் மூதூரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர். மூன்றாமவர் அங்கே ரோட்டு வேலை பார்த்த ஓவசியர். மூன்று பேருக்கும் வீடு பட்டினத்தில், வேலை குடாவுக்கு அந்தப் பக்கம். போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல், வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மாஸ்டரிடமும் என்னிடமும் ஆளுக்கொரு கிற்றார் இருந்தது. ஓவசியரிடம் அக்கோடியன் இருந்தது. வீட்டில் வாசித்தால் என் தகப்பனார் கதிரையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடுவார். லோஞ்சில் அந்த வசதி யாருக்கும் இல்லை. பிடிக்காதவர்கள் கடலில் குதிக்கலாம். ஒருவரும் குதிக்கவில்லை.

நாலாவது ஆள்தான் பாட்டுக்காரன். லோஞ்சில் ரிக்கற் கிழிக்கிறவன், எங்களைவிட இரண்டு மூன்று வயது இளையவன். தோப்பூரில் பெரிய நெல் மில் வைத்திருந்த முதலாளியின் ஒரே மகன். சொந்த மில்லை விட்டுவிட்டு மூதூரில் மாமி வீட்டில் தங்கி, தோளில் தோற்பை கொழுவிக்கொண்டு ஏன் ரிக்கற் கிழிக்கிறான் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

“உமித்தூசு. அந்தத் தூசுக்குள்ள ஆறு மாசம் நிண்டா என்ட தொண்டை துருப்பிடிச்ச கதவு மாதிரி ஆகிடும் மாஸ்டர்.”

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இந்த விஷயத்தில் என்னோடு ஒருவரும் வாதாட வரவேண்டாம்.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு பாட்டு இருந்தது. லோஞ்சில் ஆட்கள் மறந்துவிட்டுப் போகும் குடைகளை அவன்தான் சேர்த்து வைப்பான். அதில் மஞ்சள் பூப்போட்ட ஒரு குடையைத் தேடி யாரும் வரவேயில்லை. அதைப் பார்த்து மாஸ்டர் எழுதினார்: “குடையை மறந்து போனவளே, மழைக்கு என்ன பதில் சொல்வாய்?” கணக்கு வாத்தியார் எழுதிய பாட்டு. மூன்றாவது அடியில் குடைக் கம்பிகள் எட்டு என்றும் வரும்.

எஞ்சின்காரருக்கு முதலில் எங்களைக் கண்ணில் காட்டக்கூடாது. பிறகு, தன்னுடைய எஞ்சினுடைய டக்கு டக்குக்குத்தான் நாங்கள் பாடுகிறோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து தலைக்கனம். வேகப் பாட்டு என்றால் எஞ்சினைக் கூட்டுவார். சோகப் பாட்டு என்றால் குறைப்பார். சுக்கான் பிடிக்கிறவர் மேலே இருந்து கத்துவார்.

“என்னடாப்பா, செத்த வீட்டுக்கே போறம்?”

“கொஞ்சம் பொறுங்கோ, மற்றப் பாட்டு வேகப் பாட்டு!” என்று கீழே இருந்து பதில் வரும்.

ஒரு பழக்கத்தை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. மாஸ்டருக்கு மானம் பெரிது. கரையில் நிற்கிற, தான் படிப்பிக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன் தன் பாட்டைக் கேட்டுவிடக் கூடாது. ஆகையால் கரை கிட்ட வந்து எஞ்சின் சத்தம் குறையக் குறைய நாங்களும் சத்தத்தைக் குறைப்போம். எஞ்சின் முணுமுணுத்தால் நாங்களும் முணுமுணுப்போம். எஞ்சின் நின்றால் நாங்களும் நிற்போம். இரண்டு வருடம் தினமும் இரண்டு தடவை இப்படிச் செய்தால், பிறகு யோசித்துச் செய்யத் தேவையில்லை, கை தானாகவே செய்யும்.

ஒருநாள் மில் முதலாளி லோஞ்சில் ஏறினார். அவர் ஏறும் நாட்களில் நாங்கள் கிற்றாரை உறையைவிட்டு எடுப்பதில்லை. மகனும் ரிக்கற்றைத் தவிர வேறெதற்கும் வாய் திறப்பதில்லை. அன்று அவர் நேரே நாங்கள் இருந்த வாங்குப் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, மடித்த குடை.

“மகன் நல்லாப் பாடுறானாம். ஊரெல்லாம் இதே கதை. எனக்கு ஊர்க் கதை வேணாம். அடுத்த மாசம் டவுண்ல கார்னிவல் வருது, பாட்டுப் போட்டியும் வைக்கிறாங்க. அதுல பாடுங்க. என்ட காதால நான் கேப்பன். நல்லா இருந்தா அவன் பாட்டுக்காரன், நான் பிறகு வாய் திறக்கமாட்டன். இல்லாட்டி அடுத்த நாளே மில்லுக்கு வந்திரணும்.”

“ஒருதரம் கேட்டுச் சொல்ல ஏலுமே முதலாளி?” என்று ஓவசியர் கேட்டார்.

“ஒருதரம் கேட்டாக் காணும், போதும். எனக்கு வேலை கிடக்கு.”

மகன் ரிக்கற் கட்டைத் தோற்பைக்குள் போட்டான். “சரி வாப்பா” என்று தகப்பனிடம் சொன்னான்.

கார்னிவலுக்கு முன் ஒரு தடவை ஆட்களுக்கு முன்னால் பாடிப் பழகுவோம் என்று தீர்மானித்தோம். ஓவசியரின் சொந்தக்காரர் ஒருவர் அன்புவழிபுரத்தில் புது வீட்டுக்குக் குடிபுகுந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டு. வந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு மரியாதையாக இருந்தார்கள். நாங்கள் தொடங்கினோம். ஐயோ, அந்த மானக்கேட்டை எப்படிச் சொல்ல! நான் இரண்டாம் அடிக்கு வரும்போது மாஸ்டர் மூன்றாம் அடியை முடித்துவிட்டார். அக்கோடியன் இன்னும் தொடக்கத்திலேயே நின்றது. பாட்டுக்காரன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் வீட்டுக்காரரைப் பார்த்தான். அது போதாதென்று, நாலு பேரும் நின்ற இடத்தில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தோம். கடல் ஆட்டம் காலை விட்டுப் போகவில்லை. “பிள்ளையளுக்குத் தலைச்சுத்து” என்று ஒரு அம்மா தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

திரும்பி வரும்போது மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். ரோட்டில் அப்படியே நின்றுவிட்டார்.

“எஞ்சின்” என்றார். “எங்களுக்கு எஞ்சின் இல்லாமல் ஏலாது.”

நான் சிரித்தேன். பிறகு மற்ற மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினேன். அன்றிலிருந்து பத்து நாள் கரையில் பழகிப் பார்த்தோம். காலால் தட்டினோம், தகரத்தில் தட்டினோம், சுவர் மணிக்கூட்டுக்கு முன்னால் நின்றும் பாடினோம். ஒன்றும் சரிவரவில்லை. பாட்டுக்காரனுக்குச் சோறு இறங்கவில்லை. “எனக்கு மில்தான் எழுதியிருக்கு” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தப் பேச்சைக் கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வழி சொன்னது எஞ்சின்காரர். கார்னிவல் நடக்கிற மைதான வெளி, லோஞ்சு அணைகிற துறையான ஜெட்டிக்குப் பக்கத்திலேயே. போட்டி பின்னேரம். ஐந்து மணிக்கு மூதூர் போகிற கடைசி லோஞ்சு அந்த நேரம் ஜெட்டியில்தான் கட்டிக் கிடக்கும்.

“சும்மா ஓடவிட்டாச் சத்தம் வேற மாதிரி. பாரம் இழுத்தாத்தான் உங்கட தாளம் வரும்” என்றார். “கயிறு கட்டினபடி கிடக்கட்டும். நான் கியரைப் போட்டு இழுக்கவிடுறன். லோஞ்சு கயிற்றை இழுக்கும், நீங்கள் பாட்டை இழுங்கோ.”

உலகத்தில் வேறெந்தப் பாட்டுக் குழுவும் இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்காது. நாங்கள் அவரைக் கட்டிப்பிடித்தோம்.

கார்னிவல் நாளன்று முதலாளி மில்லுக்கு எஞ்சின் பட்டி ஒன்று வாங்கவென்று காலையிலேயே பட்டினத்துக்கு வந்துவிட்டார். முன்வரிசையில் கதிரை பிடித்து வைத்திருக்கிறேன் வாப்பா என்று மகன் கெஞ்சினான். அவர் வெளியை ஒருமுறை பார்த்தார். சூதாட்டக் கொட்டில், வளையம் எறிகிற கொட்டில், பெண் வேஷம் போட்ட ஒரு கோமாளி.

“இதுக்குள்ள நான் வந்து குந்தமாட்டன். லோஞ்சில இருந்தே கேப்பன். மைக் போட்டுத்தானே பாடுற?”

பட்டியை மடியில் வைத்துக்கொண்டு, லோஞ்சின் பின்பக்க வாங்கில், மேடையைப் பார்த்தபடி போய் இருந்துவிட்டார்.

நாலரைக்கு எங்கள் முறை. ஆனால் கார்னிவல் சபைத் தலைவர் பேச எழும்பினார். அவர் துறைமுகத்தின் சரித்திரத்தை ஆதியில் இருந்து தொடங்கினார். அவர் பேசி முடித்துக் கதிரையில் இருக்கும்போது ஐந்து மணி ஐந்து நிமிடம். லோஞ்சில் இருந்த ஆட்கள் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சுக்கான்காரர் எங்கள் பாட்டுக்கென்றே இறங்கி, கடலைச் சுருளோடு முன்வரிசையில் வந்து இருந்தார். வாப்பாவுக்குப் பிடித்து வைத்த கதிரை அவருக்குப் போனது.

நாங்கள் மேடை ஏறினோம். ஜெட்டியில் எஞ்சின் உயிர் பெற்றது. டக்கு டக்கு டக்கு டக்கு. என் கை தானாகவே தாளத்தைப் பிடித்தது. பாட்டுக்காரன் கண்ணை மூடினான், திறந்தான், “குடையை மறந்து போனவளே” என்று எடுத்தான். வளையம் எறிகிறவர்கள் வளையத்தைக் கையில் பிடித்தபடியே திரும்பினார்கள். கோமாளி நின்றுவிட்டான். வென்றுவிட்டோம், அவன் தப்பிவிட்டான் என்று நினைத்தேன்.

மூன்றாவது அடி. குடைக் கம்பிகள் எட்டு. அப்போதுதான் லோஞ்சில் இருந்த ஒரு தயிர்க்காரி பொறுமை இழந்தாள். வெறும் தயிர்ச் சட்டிகளோடு வீட்டுக்குப் போகக் காத்திருந்தவள். எஞ்சின் முழு மூச்சாக ஓடுகிறது, லோஞ்சோ அசையவில்லை. பார்த்தால் கயிறு கட்டிக் கிடக்கிறது. “கயித்தை அவிழ்க்க மறந்திட்டாங்கள் மூதேசியள்!” என்று சொல்லி, தானே எழும்பி அவிழ்த்துவிட்டாள். எஞ்சின்காரர் கீழே, எஞ்சினுக்குப் பக்கத்தில், கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். லோஞ்சு போய்விட்டது.

போகப் போக எஞ்சின் சத்தம் குறைந்தது. எங்களுக்கு அது தெரியவேயில்லை. சத்தம் குறைகிறது, ஆகையால் கரை வருகிறது, ஆகையால் நாங்களும் குறைக்கிறோம். டக்கு டக்கு தேய்ந்தது, கிற்றார் தேய்ந்தது, அக்கோடியன் மூச்சு வாங்கியது, அவன் குரல் நூலாகி, நூலும் இல்லாமல் போயிற்று. நான் நிமிர்ந்து பார்த்தபோது ஜெட்டி வெறுமையாகக் கிடந்தது. தூரத்தில் லோஞ்சு, அதன் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி.

வெளி முழுக்க எழும்பி நின்று கைதட்டியது! பாட்டு இப்படிக் கரைந்துபோய் முடிவதை இசைத்தட்டில் மட்டும்தான் அவர்கள் கேட்டிருந்தார்கள். மேடையில் உயிரோடு நிற்கிற நாலு பேர் செய்து கண்டதில்லை. நடுவர் ஒருவர் மேடைக்கே ஏறி வந்து, “தம்பிமார், அந்தக் கடைசி இறக்கம் எப்பிடிச் செய்தனீங்கள்?” என்று காதோடு கேட்டார். முதற்பரிசு எங்களுக்கு. ஒரு மேசை மின்விசிறி. சுக்கான்காரர் மட்டும் கைதட்டவில்லை. கடலைச் சுருளைப் போட்டுவிட்டு ஜெட்டிக்கு ஓடிக்கொண்டிருந்தார். நடுக்குடாவில் சனங்கள் எஞ்சின்காரரை உலுக்கி எழுப்பினார்களாம். அவர் மேலே வந்து பார்த்துவிட்டு, எப்படியும் ஐந்து மணி கடந்துவிட்டதுதானே என்று, தானே சுக்கானைப் பிடித்து மூதூருக்குக் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த நாள் நாலு பேரும் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு லோஞ்சு ஏறி, பஸ் ஏறித் தோப்பூருக்குப் போனோம். முதலாளி மில் முற்றத்தில், வேம்புக்குக் கீழே, தூசு படாத தூரத்தில் கதிரை போட்டு இருந்தார். அங்கே கரண்ட் இல்லை. மின்விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைக் கையால சுத்துறதா?”

“வாப்பா, முதல் பரிசு” என்றான் மகன்.

“பரிசை விடு. நான் கேட்டன்தானே. தொடங்கக்குள்ள நல்லாத்தான் கிடந்திச்சு, பொய் சொல்லக் கூடாது. வர வரச் சத்தம் குறைஞ்சு போச்சு. கடைசியில ஒண்டுமே கேக்கல்ல. மூச்சுக் காணாது மகன், போதாது.”

மாஸ்டர் குந்தியிருந்து, மணலில் ஜெட்டியையும் லோஞ்சையும் கீறி, நடுவில் கோடு போட்டு விளங்கப்படுத்தினார். “லோஞ்சு தூரப் போனது முதலாளி. அதாலதான் உங்களுக்குக் கேக்கேல்லை.”

“லோஞ்சு போனது எனக்குத் தெரியாதா மாஸ்டர்? நான் எழும்பினனா? இல்ல. இருந்த வாங்கில இருந்தபடியே இருந்தன். என்ட காதும் அங்கயேதான் இருந்திச்சு.”

நான் சொன்னேன். சொல்லக்கூடாதது எல்லாம் சொன்னேன். கல்லு மனம் என்றேன், உமி தின்ற காது என்றேன். ஓவசியர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். முதலாளி கோபிக்கவில்லை. “தம்பிக்குத் தேத்தண்ணி குடுங்க” என்றார்.

மகன் தோளில் இருந்த தோற்பையைக் கழற்றி என் கையில் தந்தான். “இதை லோஞ்சில குடுத்திருங்க” என்றான். துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மில்லுக்குள் போனான். பஸ்ஸில் நான் அழுதேன். வெட்கமென்ன, அழுதேன்தான்.

அதோடு எல்லாம் குலைந்தது. ஓவசியருக்குக் குச்சவெளிப் பக்கம் மாற்றம் வந்தது. மாஸ்டர் லோஞ்சில் விடைத்தாள் திருத்தத் தொடங்கினார். எஞ்சின்காரர் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கயிற்றைப் பாராமல் கண்ணை மூடியது தன் பிழை என்று அவருக்கு ஒரே துக்கம். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஆறேழு மாதம் போன பிறகு ஒருநாள் லீவு போட்டேன். கிற்றாரைக் கையில் கொண்டுபோனால் முதலாளி காண்பார். ஆகையால் ஒரு நெல்லுச் சாக்குக்குள் போட்டு, வாயைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு தோப்பூரில் இறங்கினேன்.

மில்லில் சாக்கோடு வந்தவர்கள் வரிசை. நானும் வரிசையில் நின்றேன். முதலாளி வேம்புக்குக் கீழே அதே கதிரையில் இருந்தார். என்னைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். உள்ளே போனதும் ஒரு வேலையாள் என் சாக்கைத் தூக்கித் தொட்டிக்குள் கொட்டப் போனான். “டேய் டேய், அது நெல்லில்லை!” என்று கத்திக்கொண்டு பிடுங்கினேன். தூசுக்குள் இருந்து ஒரு உருவம் ஓடி வந்தது. தலை, புருவம், இமை எல்லாம் உமி. வாயில் துண்டு. கண்ணை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டேன்.

“பாடுறியா?” என்றேன்.

“தினமும் பாடுறன். துண்டுக்குள்ளால” என்றான். “இந்த எஞ்சின் லோஞ்சைவிடக் கொஞ்சம் வேகம். பரவாயில்ல, பிடிச்சிரலாம்.”

கிற்றாரை எடுத்தேன். மில் எஞ்சின் அடித்தது. குடைப் பாட்டு ஓட்டப் பந்தயம் மாதிரிப் போனது. துண்டுக்குள்ளால் வந்த குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, ஆனால் அதே குரல்தான். சாக்குக்காரர்கள் வரிசையைக் குழப்பிக்கொண்டு சுற்றி நின்றார்கள். இரண்டாம் அடி முடிந்தது. மூன்றாம் அடி தொடங்கினோம். எஞ்சின் நின்றது.

நாங்களும் நின்றோம். வேறென்ன செய்வது?

எஞ்சின் கொட்டிலின் பக்கத்து வாசலில் முதலாளி நின்றார். கையெல்லாம் எண்ணெய்.

“ஏன் நிப்பாட்டினீங்க?” என்றார்.

நான் எஞ்சின் பக்கம் கையைக் காட்டினேன்.

“மரத்தடியில எனக்குக் கேக்கல்ல. கேப்பம் எண்டுதானே எஞ்சினை நிப்பாட்டினன்?”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். “எஞ்சின் இல்லாட்டி எங்களுக்குப் பாட ஏலா வாப்பா.”

முதலாளி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிற்றாரைப் பார்த்தார். “என்ன விசர் இது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தொட்டியில் நெல் முடிந்திருந்தது. அடுத்த ஆள் தன் சாக்கைத் தூக்கினார். முதலாளி கையைக் காட்டி, அதைக் கீழே வைக்கச் சொன்னார். கொட்டிலுக்குள் போய், கைபிடியைப் போட்டு, அந்த வயதில் தானே மூச்சுப்பிடித்துச் சுற்றினார். எஞ்சின் இருமி, புகை விட்டு, ஓடத் தொடங்கியது. வெறும் மில் ஓடியது. பிறகு வேம்படிக்குப் போய்க் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, மில் வாசலுக்குள்ளேயே போட்டு இருந்தார்.

“பாடு மகன்” என்றார்.

தொட்டியில் நெல் இல்லாததால் தூசு பறக்கவில்லை. அவன் வாயில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, முதலாம் அடியில் இருந்து தொடங்கினான்.